ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டர்

"மேடம், இந்தக் காரைப் பார்த்தா துப்பறியத் தோணலை. பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டம் அழணும் போலத்தான் இருக்கு" என்றார் ஸ்பானர்.

மேடம் போலீஸ் யார்டின் தகரக் கூரைக்குக் கீழே நின்ற அந்த வெள்ளைக் காரை மெதுவாக ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்பக்கம் நேற்றுத்தான் துடைத்து வைத்தது போலிருந்தது. பின்பக்கம் மட்டும் யாரோ மிதித்துவிட்டுப் போன அட்டைப்பெட்டி. பின்சீட்டு நகர்ந்து வந்து டிரைவர் சீட்டின் முதுகோடு ஒட்டியிருந்தது.

பத்து நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலையில், பாலத்தின் நடுவே இந்தக் கார் திடீரென்று நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கின் மேல் ஏறி நின்றும் பிரயோஜனமில்லை. காருக்குள் இருந்தவர் ஓய்வு பெற்ற சர்வேயர். எழுபத்தொரு வயது. மனைவி போய் ஆறு வருஷம். கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் போய்ச் சேரவேயில்லை.

அவருடைய ஒரே மகள் நேற்று மாலை மேடத்தின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். பிசியோதெரபிஸ்ட். முப்பத்தெட்டு வயசு இருக்கும். அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குக் காலையில அப்பா காரை ஒர்க்ஷாப்ல காட்டியிருக்கார். 'ஒண்ணுமில்ல, தைரியமாப் போங்க'ன்னு அனுப்பியிருக்கான். அரை மணி நேரத்துல கார் நின்னுடுச்சு. அவன் கோடை அழிச்சிட்டான் மேடம். அதை நீங்க நிரூபிக்கணும்."

அவள் கொடுத்த புகாரில் போலீஸ் அந்த ஒர்க்ஷாப்காரரைக் கவனக்குறைவு என்று பிடித்து, நாலு நாள் உள்ளே வைத்து, ஜாமீனில் விட்டிருந்தது.

கேஸைக் கேட்டதும் ஸ்பானருக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது உண்மை. நாற்பத்து நாலு வயதில் ஒரு ஆளுக்கு 'ஸ்பானர்' என்று பேர் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அதே ஒர்க்ஷாப்காரர்தான். அவரிடம் மெக்கானிக்காக இருந்த நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு டாக்டரின் இன்ஜினுக்குள் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை மறந்து வைத்து மூடிவிட்டார். ஒர்க்ஷாப்காரர் அதைத் தெருத்தெருவாகச் சொல்லிச் சிரித்தார். பேர் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டு, போலீஸிலிருந்து விலகித் தனியாகத் துப்பறியும் மேடத்திடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகும் அது உரிந்து விழவில்லை.

"வேலையைப் பாரு ஸ்பானர்" என்றார் மேடம்.

ஸ்பானர் டிரைவர் சீட்டில் பாதி உடம்பை நுழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, ஸ்கேனரின் ஒயரைச் சொருகினார். யார்டு ஏட்டு சாவியை நீட்டியபடியே கொட்டாவி விட்டார்.

"பேட்டரி வலுவில்லாமக் கிடக்கு மேடம். முழுசா செத்துதுன்னா நாம தேடி வந்ததும் சேர்ந்து போயிரும். வேகமாப் பாத்துரலாம்."

"என்ன தேடி வந்தோம்னு எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு."

"காருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எங்க கோளாறுன்னாலும் அதை ஒரு நம்பரா எழுதி வெச்சுக்கும். எழுதின கையோட டாஷ்போர்டுல மஞ்சள் விளக்கைப் போடும். அந்த நம்பர்தான் கோடு. ஸ்கேனர்ல படிக்கலாம், அழிக்கலாம். ஆனா கோடை அழிச்சாக் கோளாறு போகாது. தலைவலிக்குத் தலையணை உறையை மாத்தின மாதிரி."

திரை ஒளிர்ந்தது. ஒரே ஒரு கோடு. ஸ்பானர் உதட்டைப் பிதுக்கினார்.

"கிராங்க் சென்சார். இன்ஜின் சுத்துறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற சின்ன சாமான். சுண்டுவிரல் அளவுதான். பழசானா, சூடு ஏறும்போது மட்டும் ஊமையாயிரும். கம்ப்யூட்டருக்குக் கண்ணைக் கட்டின மாதிரி ஆயிடும், இன்ஜினை நிறுத்திடும். ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பாலத்து மேல நின்னது இதனாலதான். இது அப்ப எழுதின கோடு."

"இதுக்கு முன்னாடி எழுதினது?"

"அதைத்தான் யாரோ அழிச்சிருக்காங்க. ஆனா மேடம், இங்கதான் கம்ப்யூட்டர் கெட்டிக்காரன். அழிச்ச பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு ஒரு கணக்கைத் தனியா வெச்சுக்கும். ஒர்க்ஷாப்லேருந்து பாலம் பதினொரு கிலோமீட்டர். பதினொண்ணுன்னு மட்டும் வரட்டும், அந்தாளு கதை கந்தல்!"

பட்டனை அழுத்தினார். திரையைப் பார்த்தார். ஸ்கேனரை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னாச்சு? முகம் சுருங்குது?"

"ஐம்பத்திரண்டு மேடம்."

மேடம் குனிந்து திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு டாஷ்போர்டில் கார் மொத்தம் ஓடிய கிலோமீட்டரையும் எடுத்தார்: எண்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்தொன்று. ஒரு நிமிஷம் கழித்து டாஷ்போர்டு மொத்தமும் மங்கி, இருண்டு போனது.

"செத்துடுச்சு" என்றார் ஸ்பானர்.

*

ஒர்க்ஷாப் ஷட்டர் திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரு வண்டிகூட இல்லை. வெளிச்சுவரில் யாரோ கறுப்புப் பெயின்டால் எதையோ எழுதியிருந்ததைத் தின்னர் போட்டுத் தேய்த்திருந்தார்கள். எழுத்து போய்விட்டது. 'கொலை' என்று படிக்கிற அளவுக்குத் தடம் மிச்சமிருந்தது.

ஒர்க்ஷாப்காரர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பார்த்து எட்டு வருஷம் இருக்கும். பதினெட்டு வருஷம் கூடியவர் போலிருந்தார்.

"யாரு, ஸ்பானரா? இங்க எதையாவது மறந்து வெச்சுட்டியா, எடுத்துட்டுப் போக வந்தியா?"

அந்த நிலைமையிலும் நக்கல் குறையவில்லை. ஸ்பானர் வாயைத் திறப்பதற்குள் மேடம் குறுக்கே வந்தார்.

"அன்னிக்குக் காலையில நடந்ததை மட்டும் சொல்லுங்க."

"எட்டரை மணிக்கு வந்தார். மஞ்சள் விளக்கு எரியலை. ஸ்கேனர் போட்டேன், ஒரு கோடும் இல்லை. ஓட விட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் ஓடுச்சு. அனுப்பிட்டேன்."

"விளக்கு எரியலைன்னா எதுக்குக் கொண்டு வந்தார்?"

"மக வீட்டுல இருந்தப்ப ஒன்பது நாளா எரிஞ்சுதாம். முந்தின நாள் தானா அணைஞ்சிடுச்சுன்னார்."

ஸ்பானர் பாய்ந்தார். "தானா அணைஞ்சுதுன்னு ஒருத்தர் வந்து சொல்றார். அதைக் கேட்டுட்டு நீங்க சும்மா இருந்தீங்களா?"

ஒர்க்ஷாப்காரர் சண்டைக்கு வருவார் என்று ஸ்பானர் எதிர்பார்த்தார். சொல்லப்போனால் அதற்காகத் தயாராகவே வந்திருந்தார். ஆனால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தானா அணையறதும் உண்டுதான். ஆனா அப்பவும் கோடு உள்ளுக்குள்ள இருக்கும். உள்ளயும் காலின்னா யாரோ துடைச்சிருக்காங்கன்னு எனக்கு உறைச்சிருக்கணும். துடைச்சு எத்தனை கிலோமீட்டர் ஆச்சுன்னு ஒரு பட்டன் தட்டினாத் தெரிஞ்சிருக்கும். வெளியில நாலு வண்டி ஹாரன் அடிச்சிட்டு நின்னுச்சு. தட்டலை. இன்ஜினும் சூடேற நான் விடலை." நிமிர்ந்து ஸ்பானரைப் பார்த்தார். "போலீஸ்ல இதை நான் சொல்லலை. நீ தொழில் தெரிஞ்சவன், உன்கிட்டச் சொல்றேன்."

ஸ்பானருக்குத் தொண்டை வரை வந்திருந்த நாலைந்து வார்த்தைகள் அப்படியே இறங்கிப் போயின.

மேடம் அன்றைய பதிவு நோட்டைக் கேட்டார். கார் உள்ளே வந்தபோது ஓடியிருந்த கிலோமீட்டர் அதில் இருந்தது: எண்பத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.

"சரியா பதினொண்ணு" என்றார் மேடம். "அப்ப, ஐம்பத்திரண்டுல அது போக, கோடை அழிச்சது இங்க வர்றதுக்கு நாற்பத்தோரு கிலோமீட்டர் முன்னாடி. சர்வேயர் வீடு இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"அஞ்சு."

"மிச்சம் முப்பத்தாறு."

ஸ்பானர் போனை எடுத்தார். சர்வேயர் வீட்டிலிருந்து முப்பத்தாறு கிலோமீட்டர். எந்தப் பக்கம்? அந்த ஒன்பது நாள் அவர் எங்கே இருந்தார்? யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மகளின் விலாசத்தைப் போட்டார். வழியைக் காட்டிய நீலக் கோட்டின் மேல் அந்த எண் உட்கார்ந்திருந்தது.

"மேடம்... நம்மகிட்ட கேஸ் கொடுத்தவங்க வீட்டு வாசல்."

*

காரில் போகும்போது ஸ்பானர்தான் பேசிக்கொண்டே வந்தார்.

"மாப்பிள்ளைதான் மேடம். எழுதி வெச்சுக்கோங்க. மாமனார் ஒன்பது நாளா வீட்டுல உக்காந்தா எந்த மாப்பிள்ளைக்குத்தான் பொறுக்கும்? என் மாமனார் ரெண்டாவது நாள் செருப்பைத் தேடினாலே நான் பாலிஷ் போட்டு எடுத்துக் கொடுத்துருவேன்."

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிரிக்கவில்லை.

மகளின் வீடு நாலு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. முன்னறையில் நோயாளிகள் காத்திருக்க ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே ஒரு படுக்கை, சுவரோரம் ரப்பர் பட்டைகள், எடைக்கட்டிகள். கதவைத் திறந்தவர் கணவர். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் வரிசையாக டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சதுரமான, நேர்க்கோட்டு எழுத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. உப்பு, கல். உப்பு, தூள். மிளகு. திறக்காதது.

"நிரூபிச்சிட்டீங்களா மேடம்?" என்றாள்.

மேடத்துக்கு முன்னால் ஸ்பானர் முந்திக்கொண்டார். கணவரைப் பார்த்துக் கேட்டார். "சார், போன்ல பாக்கற மாதிரி, காருக்கு மாட்டுற சின்ன ஸ்கேனர் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இருக்கே. தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணு. ஆன்லைன்ல வாங்கினேன்."

"அதை உங்க மாமனார் கார்ல எப்ப மாட்டினீங்க?"

"நானா? நான் எதுக்கு..."

"அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அவர் கிளம்பறதுக்கு முன்னாடி. மஞ்சள் விளக்கு அணைஞ்சாத்தான் மனுஷன் கிளம்புவார்னு."

கணவர் மேடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, குழப்பம்.

"நான் அந்த வாரம் பூரா ஊர்லயே இல்லீங்க. கம்பெனி பயிற்சி. எட்டு நாள். மாமா போயிட்டார்னு போன் வந்துதான் கிளம்பி வந்தேன். வேணும்னா டிக்கெட் காட்டறேன். அந்த ஸ்கேனரும் என் கார்ல இல்லை. இவ கார்லதான் கிடக்கும். இவ போன்லதான் ஆப் போட்டுக் கொடுத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே எட்டியது. மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

ஸ்பானருக்குக் காரில் வரும்போது மேடம் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது புரிந்தது.

"நேத்து நீங்க என் ஆபீஸ்ல சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு" என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. "போலீஸ் எழுதினது கவனக்குறைவுன்னு. பேப்பர்ல வந்ததும் அதான். கோடுன்னு ஒண்ணு இருக்கு, அதை அழிக்கலாம்னு எனக்கே இன்னிக்குக் காலையிலதான் இவன் சொல்லித் தெரியும். ஆனா நீங்க நேத்தே 'அழிச்சிட்டான்'னு சொன்னீங்க."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேசியபோது குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

"ஒரு நாளைக்குன்னு வந்தார். வர்ற வழியில விளக்கு எரிஞ்சிடுச்சு. 'விளக்கு எரியுதேம்மா, எப்படிப் போறது?'ன்னார். மெக்கானிக்கைக் கூப்பிடறேன்னா, 'நம்ம ஆளுகிட்டத்தான் காட்டணும்'பார். அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்னா, 'விளக்கு எரியுதே'ம்பார். தினமும் காலையில கீழ போய் சாவியைத் திருகிப் பார்த்துட்டு வந்து, 'இன்னும் எரியுது'ன்னு சொல்வார். சொல்றப்ப முகத்துல ஒரு சின்ன சந்தோஷம் இருக்கும் மேடம். அது எனக்குத் தெரியும். எனக்கு நல்லாத் தெரியும்."

கணவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"பேஷன்டுங்க பக்கத்துல உக்காந்து கதை பேசுவார். நான் சிகிச்சை பண்றப்ப எட்டிப் பார்த்து, 'அந்தக் காலை இன்னும் தூக்கச் சொல்லும்மா'ன்னுவார். டப்பாக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினார். ஒன்பதாவது நாள் என்னால முடியலை. அவர் குளிக்கப் போனப்ப கீழ போய் மாட்டினேன். 'அழிக்கவா?'ன்னு கேட்டது. ஆமான்னு அழுத்தினேன். என்ன கோடுன்னு படிக்கக்கூட இல்லை."

"அப்புறம்?" என்றார் மேடம்.

"மேல வந்து, 'அப்பா, விளக்கு போயிடுச்சு. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க'ன்னேன். அவர் கீழ போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் கார்லயே உக்காந்திருந்தார். அப்புறம் வந்து பையை எடுத்துக்கிட்டார்."

"ஏன் என்கிட்டச் சொல்லலை?" என்றார் கணவர். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அவன்தான் அழிச்சான்னு நீங்க சொல்லிட்டா, நான் அழிச்சது இல்லைன்னு ஆயிடும்னு நினைச்சேன் மேடம். ஒரு ரெண்டு நாள் எனக்கே அப்படித்தான் நடந்துச்சுன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு."

மேடம் எழுந்தார். முழங்கால் வலியில் ஒரு கணம் மேஜையைப் பிடித்து நின்றார்.

"சட்டம் உங்களை என்ன பண்ணும், பண்ணாதுன்னு நான் சொல்ல முடியாது. நீங்க கொல்லணும்னு பண்ணலை. அது எனக்குத் தெரியும். ஆனா அங்க ஒருத்தர் காலி ஒர்க்ஷாப்ல டயர் மேல உக்காந்திருக்கார். அவர் விஷயத்துல என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தெரியும்."

அவள் உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். கணவரும் எழுந்தார். "நீங்க வேண்டாம்" என்றாள். பிறகு, "சரி, வாங்க" என்றாள்.

*

ஒர்க்ஷாப் வாசலில் அவள் இறங்கியதும் ஒர்க்ஷாப்காரர் டயர் அடுக்கிலிருந்து எழுந்து நின்றார். ஸ்டேஷனில் ஒரு தடவை அவளைப் பார்த்திருக்கிறார். அன்று அவள் பேசிய பேச்சு அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "கோடை அழிச்சது நான். எங்க வீட்டு வாசல்ல. நீங்க இல்லை. ஸ்டேஷனுக்குப் போய் இதையே எழுதிக் கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

ஒர்க்ஷாப்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பானர் தன்னையறியாமல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"நாலு நாளும்மா" என்றார் ஒர்க்ஷாப்காரர். "நாலு நாள். என் பொண்ணு பள்ளிக்கூடம் போகலை. போனா என்ன கேட்பாங்கன்னு அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா இதே கையி." கையை நீட்டிக் காட்டினார். "ஒரு வார்த்தை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

அவள் வேறெதுவும் சேர்க்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை உச்சரிக்கக்கூடத் தனக்கு உரிமையில்லை என்பது போல நின்றாள். ஒர்க்ஷாப்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையைத் தாழ்த்தினார்.

"நானும் ஒரு பட்டன் தட்டலை" என்றார். "அதையும் எழுதச் சொல்லுங்க. நானே சொல்லிடறேன்."

மேடம் தலையசைத்தார்.

கிளம்பத் திரும்பியவள் நின்றாள். "அப்பா அன்னிக்கு வேற ஏதாவது பேசினாரா? கடைசியா அவர்கிட்டப் பேசினது நீங்கதான்."

ஒர்க்ஷாப்காரர் நெற்றியைத் தேய்த்தார். அவருக்கு எதையும் மறைக்கத் தோன்றவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் அது என்பதே அவருக்குத் தெரியாது.

"பெருசா ஒண்ணுமில்லம்மா. போறப்ப ஒண்ணு கேட்டார். அந்த மஞ்சள் விளக்கை மறுபடி எரிய வைக்க முடியுமான்னு. ஒரு ரெண்டு நாளைக்கு எரிஞ்சாப் போதும்னார். 'எல்லாரும் அணைக்கத்தான் சார் வருவாங்க'ன்னு நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சிட்டு வண்டியை எடுத்தார்."

சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதற்காக எல்லாரும் இப்படிச் சிலையாகிவிட்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

மகள் அங்கேயே, எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரையில், உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளாக வராத அழுகை சத்தமாக வந்தது. கணவர் பக்கத்தில் மண்டியிட்டார். ஒர்க்ஷாப்காரர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார்.

தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஸ்பானர் அவர்களை முறைத்துவிட்டு, நடந்து போய், கொக்கிக் கம்பியை எடுத்து, ஷட்டரைப் பாதிக்கு மேல் இழுத்து மூடினார்.